வேலிக்குள் வராத மான்கள்

மலைச்சரிவில் வேலி கட்ட வேண்டும் என்று லியோனி ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது முதலில் சிரித்தது அவளுடைய அண்ணன் அனத்தோல்தான். விளையாட்டு அரங்கின் கடைசி வரிசையில் கால்களை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"காடு பூரா வெட்டித் தள்ளிட்டு, மிச்சம் இருக்கற மானுக்கு நம்மள ஆயா வேலை பாக்கச் சொல்றாங்க. நீயும் சரின்னு தலையாட்டிட்டு வந்திருக்க" என்றான்.

அரங்கமே சிரித்தது. அந்தக் காட்டில் பாதியை வெட்டியதே நீதானே என்று யாரோ கேட்க, சிரிப்பு இன்னும் பலத்தது. அனத்தோலும் சேர்ந்துகொண்டான்.

லியோனி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பழங்குடிகளான க்துனாஹா மக்களின் நில அலுவலகத்தில் அவள் சேர்ந்த புதிதில், தெற்கு மலையின் காரிபூ மான்களைக் கவனிக்கும் வேலை யாருக்கும் வேண்டாததாக இருந்தது. அதனாலேயே அது அவளிடம் வந்தது. தலையில் நரை இறங்கும்வரை அதையே பார்த்துவிட்டாள். ஒரு காலத்தில் அந்த மலையைக் கறுப்பாக்கிக்கொண்டு நகர்ந்த கூட்டம் இப்போது ஒரு பள்ளிக்கூட வகுப்பின் அளவுகூட இல்லை. எது எதன் குட்டி என்று அவளால் சொல்ல முடியும்.

அரசாங்கத்தின் வனவிலங்குத் துறையும் நகரத்துப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றும் க்துனாஹா மக்களோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தன. பனிக்காலம் முடியும் தறுவாயில் சினைமான்களைப் பிடித்து வேலிக்குள் விடுவது. குட்டி போட்டு, குட்டியின் கால் தரையில் ஊன்றும்வரை இரவும் பகலும் காவல் இருப்பது. பிறகு திறந்துவிடுவது. பணம் அவர்களுடையது. நிலமும் ஆட்களும் தீனியும் காவலும் இவர்களுடையது. இதுவரை எல்லாவற்றையும் எங்கோ முடிவு செய்துவிட்டு இவர்களுக்குத் தகவல் மட்டும் சொல்வார்கள். இந்த முறை ஒரே மேசையில் உட்கார்ந்து, வரிக்கு வரி சண்டை போட்டு, அவள் ஒத்துக்கொண்டு வந்திருந்தாள். காரிபூ வாழும் காடு என்ற பெயரில் அந்தச் சரிவில் மரம் வெட்டத் தடையும் வாங்கியிருந்தாள். அந்தத் தடையில் போன வேலைகளில் அனத்தோலுடையதும் ஒன்று. அவன் சிரித்ததற்கு அதுவும் காரணம்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. மான்களை அடித்துத் தின்னும் ஓநாய்களை ஹெலிகாப்டரில் போய்ச் சுடுவார்கள். அதற்கும் ஊரின் சம்மதம் வேண்டும்.

முன்வரிசையில் இருந்த ஒடீல் எழுந்தாள். லியோனிக்குப் பெரியம்மா மகள், வயதில் மூத்தவள்.

"மரம் வெட்டறதுக்கு மேல வரைக்கும் ரோடு போட்டது யாரு? ஓநாயா? அது பாட்டுக்கு ரோட்டுல நடந்து வந்துச்சு. நடந்து வந்ததுக்குச் சுடணுமா?"

லியோனி பக்கத்தில் நின்றிருந்த வாரனைப் பார்த்தாள். வனவிலங்குத் துறையின் மூத்த ஆள். இத்தனை வருடமாக அவளோடு அதே மலையில் ஏறி இறங்கியவர். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற வழி எனக்குத் தெரியலக்கா" என்றாள் லியோனி. "தெரிஞ்சா சொல்லு."

ஒடீல் உட்கார்ந்தாள். கை தூக்கச் சொன்னபோது கடைசியாகத் தூக்கியதும் அவள்தான்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க ஊர் மரப்பாசி பறித்தது. கிழட்டு மரங்களின் கிளைகளில் கருந்தாடி போலத் தொங்குகிற பாசிதான் பனிக்காலத்தில் காரிபூவுக்குச் சாப்பாடு. வேலிக்குள் அடைத்தாலும் அதைத்தான் போட வேண்டும். ஏணி போட்டு, கைக்கு எட்டியதைப் பறித்து, சுள்ளியும் ஊசியிலையும் கலக்காமல் பொறுக்கி, அரங்கத்தின் தரையில் கம்பிவலை விரித்துக் காயவைத்தார்கள். பந்து விளையாட இடமில்லை என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஒடீல் யார் சொல்லும் கேட்காமல் தலைமை தாங்கினாள். தண்டு கலந்த பையைத் திருப்பி எறிந்தாள். ஒருநாள், முன்னோர் செய்ததுபோலக் குழி வெட்டிக் காட்டு வெங்காயத்தோடு ஒரு மூட்டைப் பாசியை அவித்து எல்லோருக்கும் கொடுத்தாள். கரியும் சர்க்கரையும் கலந்த மாதிரி இருந்தது. வாரன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பல்லெல்லாம் கறுத்துப்போய் அவர் இளித்ததைப் பார்த்து, மான் டாக்டரே மானாகிவிட்டார் என்று பெண்கள் சிரித்தார்கள்.

ஹெலிகாப்டர் மலைக்கு மேலே சுற்றிய நாட்களில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் ஒடீல் ஏணியை மடக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். மறுநாள் காலையில் திரும்ப வருவாள். அதைப் பற்றி லியோனியிடம் அவள் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று லியோனிக்கு இருந்தது.

வேலி கட்ட இயந்திரம் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். லியோனி அண்ணன் வீட்டுக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை காபி கொடுத்தான். மூன்றாவது தடவை, எந்த வழியாக இயந்திரத்தை ஏற்றுவது என்று அவனே கேட்டான். வேலையில் இறங்கினால் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். பழைய மரங்களில் ஒன்றைக்கூடச் சாய்க்காமல் நெளிந்து நெளிந்து தூண் நட்டான். உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கறுப்புத் துணி கட்டினான். வெளிப்பக்கம் மின்கம்பி ஓடியது. மூலையில் காவலுக்கு ஒரு குடிசை போட்டு அதில் அடுப்பும் வைத்தான். முதல் பனி விழுவதற்குள் முடித்துவிட்டு, லியோனியையும் வாரனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினான். ஒவ்வொரு தூணையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னான்.

"இத்தனை வருஷம் வெட்டித்தான் பழக்கம். நிக்க வச்சது இதுதான்" என்றான். குட்டி பிறக்கும்போது குடிசையில் தான்தான் இருப்பேன், வேறு யாருக்கும் முறை கிடையாது என்றும் சொல்லிவிட்டான்.

அந்த வருடப் பனி யாரும் கண்டிராத பனி. நிற்காமல் கொட்டியது. பாதை மூடி, கீழே ஊரிலேயே கூரைகள் இறங்கின. ஒருவழியாக வெயில் வந்தபோது அண்ணனும் தங்கையும் பனிவண்டியில் மேலே போனார்கள். வேலி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சரிவுதான் இருந்தது. தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் லியோனி நினைத்தாள். அனத்தோல் வண்டியை விட்டு இறங்கி, பனிக்காலணியை மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து நின்றான். அவன் காலருகில் ஒரு தூணின் நுனி முளைபோல நீட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு மேலேயே அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பனியின் பாரத்தில் துணி கிழிந்து, கம்பி அறுந்து, தூண்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது பின்னால்தான் தெரிந்தது.

அனத்தோல் மண்டியிட்டு அந்தத் தூணைச் சுற்றிக் கையால் பனியைத் தோண்ட ஆரம்பித்தான். லியோனி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் களைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு பனி மான்களுக்கு நல்லதுதான் என்று அன்று மாலை தொலைபேசியில் வாரன் சொன்னார். பனி உயர உயர, மேல்கிளைப் பாசி அவற்றுக்கு எட்டும். அகலக் குளம்பு புதையாது. வேலியை அடுத்த வருடம் கட்டிக்கொள்ளலாம், முதலில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிவிடுவோம் என்றார்.

எண்ணப் போன ஹெலிகாப்டரில் லியோனியும் இருந்தாள். முகடுகள், சரிவுகள், போன வருடம் பார்த்த மேட்டுநிலம், அதற்கு முந்தைய வருடம் பார்த்த ஏரிக்கரை என்று எல்லா இடமும் சுற்றினார்கள். எரிபொருள் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் சுற்றினார்கள். கடைசியில் ஒரு முகட்டின் ஓரத்தில் தடம் தெரிந்தது. தடத்தின் முடிவில் மூன்று மான்கள் நின்றன. மூன்றும் பெண். ஓட்டுநர் இன்னும் தாழ்வாக இறக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் வாரன். கிடா ஒன்றுகூட இல்லாத கூட்டத்தில் சினை எப்படி இருக்கும்? யாருக்காக வேலி கட்டினார்களோ அந்தக் குட்டிகள் இனி இல்லை.  

ஊருக்கு அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். அரங்கத்தில் பாசி மூட்டைகள் சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றின் முன்னால் நின்று சொன்னாள். இந்த முறை அனத்தோல் முன்வரிசையில் இருந்தான்.  ஒருவர் பின் ஒருவராக எழுந்து நாற்காலிகளை மடக்கிவைத்துவிட்டுப் போனார்கள். ஒடீல் மட்டும் மூட்டைகளை நிமிர்ந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கோடையில் மூன்றில் ஒன்றை மலைச்சிங்கம் எனப்படும் பூமா அடித்தது. இன்னொன்றின் கழுத்தில் மாட்டியிருந்த ரேடியோப் பட்டையிலிருந்து சமிக்ஞை நின்றுபோனது. லியோனியும் அனத்தோலும் அது கடைசியாக இருந்த பள்ளத்தில் ஒரு வாரம் தேடினார்கள். எலும்புகூடக் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த ஒன்று முகட்டில் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. கூட்டமாகவே வாழ்ந்து பழகிய பிராணி அது. காட்டெருதுகளின் பின்னால்கூடச் சில நாள் போயிற்று என்று தடம் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதைப் பிடித்து வடக்கே கொண்டுபோய் வேறொரு கூட்டத்தில் சேர்த்துவிடலாம் என்று வாரன் சொன்னார். துறை தயாராக இருக்கிறது, வடக்கே அந்த மலையைக் காக்கும் பழங்குடியினரும் சம்மதித்துவிட்டார்கள், உங்கள் சம்மதம் ஒன்றுதான் பாக்கி என்றார். லியோனி ஊரைக் கூட்டவில்லை. மூத்தவர்கள் சிலரிடமும் ஒடீலிடமும் மட்டும் கேட்டாள். அது இங்கே செத்தால் நம் மண்ணில் சாகும் என்று ஒருவர் சொன்னார். ஒடீல் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "தனியா விடாத. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றாள். லியோனி சம்மதித்தாள்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் வலை வீசிப் பிடித்தார்கள். கண்ணைத் துணியால் கட்டி, காலைப் பிணைத்து, ஹெலிகாப்டரின் அடியில் தொங்கவிட்டு இறக்கினார்கள். அனத்தோல் தன் வண்டியின் பின்னால் இழுவைப்பெட்டியைப் பூட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி வைத்திருந்தான். பாதை நெடுக லியோனி பெட்டிக்குள்ளேயே மானின் அருகில் உட்கார்ந்து வந்தாள். விதிப்படி அது கூடாது. வாரன் பார்க்காததுபோல இருந்தார். கழுத்து மயிரில் கை வைத்தால் அடியில் துடிப்பு வேகமாக ஓடியது. ஊர்கள் தாண்டத் தாண்ட அது மெல்ல இறங்கியது. நடுவில் பாதையோரம் நிறுத்தியபோது அனத்தோல் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, பாசி தின்கிறதா என்று கேட்டான். தின்னவில்லை என்றாள்.

வடக்கே அவர்களை வரவேற்றது அந்த ஊரின் நடுவயதுப் பெண்ணொருத்தி. அவர்களுடைய வேலி நன்றாக நின்றிருந்தது. அவர்களுடைய கூட்டத்தில் அந்த வருடம் குட்டிகள் இருந்தன. லியோனியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ளை மாதிரி பாத்துக்கிறோம்மா. நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாம்" என்றாள். நல்லவள். அந்த நல்ல குணத்தைத் தாங்க முடியாமல் லியோனி வண்டிக்குப் போய்விட்டாள். வயிறு எரிந்தது. அதற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

திரும்பி வரும்போது பெட்டி காலியாகத் தடதடத்தது. அனத்தோல் ரேடியோவைப் போட்டான். ஒரு பாட்டு முடிவதற்குள் அணைத்தான்.

அடுத்த கோடையில்தான் அனத்தோல் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். மரக் கம்பெனிக்காரன் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிடுகிறான், தெற்கு மலைச் சரிவில் வெட்டப் போகிறார்களாம் என்றான். அவன் ஏதோ கேள்விப்பட்டதை உளறுகிறான் என்று லியோனி நினைத்தாள். அங்கேதான் தடை இருக்கிறதே! அலுவலகத்துக்குப் போய் வாரனைக் கூப்பிட்டாள். அவர் தொலைபேசியில் சொல்லவில்லை. நேரில் வருகிறேன் என்றார்.

ஆற்றோரம் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் வெளியே நின்றார்கள். வாரன் இளைத்திருந்தார். ஓய்வுபெற அவருக்குச் சில வாரங்களே இருந்தன.

"காரிபூ வாழற காட்டுக்குத்தான் தடை" என்றார். "இப்ப அங்க எதுவும் வாழல."

லியோனிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவர் பக்கம் திரும்பினாள்.

"கடைசி மானை அனுப்பினா தடை போயிடும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க சம்மதிச்சிருக்க மாட்டீங்க. அது அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது." அவர் அவளைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துச் சொன்னார். "ஒரு உசுரையாவது காப்பாத்தலாம்னு நெனச்சேன், லியோனி."

அவள் அவரை அடிப்பாள் என்றுகூட அவர் எதிர்பார்த்திருக்கலாம். திட்டினால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தபோது அவளுக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை. பெட்டிக்குள் கைக்கு அடியில் ஓடிய அந்தத் துடிப்பு நினைவுக்கு வந்தது. காட்டுக்காக மானைச் சாகவிட்டிருப்பாளா? மானுக்காகக் காட்டைக் கொடுத்திருப்பாளா? அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கவே இல்லை, அவளுக்காக வேறொருவர் பதில் சொல்லிவிட்டார். ஒரே மேசை என்று ஊரிடம் சொன்னது அவள் வாய்தான்.

"வீட்டுக்குப் போங்க வாரன்" என்றாள். அதன்பிறகு அவரோடு அவள் பேசவில்லை.

ஊர்த் தலைவர்கள் வழக்கறிஞரைப் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் போடலாம், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் மரம் இருக்காது என்றார் அவர். மறியல் செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். எல்லோரும் லியோனியைப் பார்த்தார்கள். வேலி கட்டுங்கள் என்று சொல்லிக் கட்டவைத்தவள், பாசி பறியுங்கள் என்று சொல்லிப் பறிக்கவைத்தவள், ஓநாயைச் சுடக் கை தூக்கவைத்தவள். அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை அனத்தோல் அவள் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கம்பெனியிலேர்ந்து மறுபடி கூப்பிட்டாங்க. நாளைக்குச் சொல்லணும்."

அவள் வாணலியில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ போகாதேன்னா நான் போகல" என்றான். "ஒரு வார்த்தை சொல்லு. ரோட்டுல படுக்கச் சொன்னாலும் படுக்கிறேன்."

இந்த அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவைக்க அவள் எத்தனை நடை நடந்திருக்கிறாள். இப்போது அவனே வந்து கேட்கிறான். சொல்ல வேண்டிய வார்த்தையும் அவளுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி, அவன் படுத்து, போலீஸ் வந்து தூக்கிப் போட்டு, அதற்குப் பிறகும் மரம் விழுந்து, மறுபடியும் ஒருமுறை எல்லோர் முன்னாலும் நின்று அதைச் சொல்வதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. இனி யாரையும் எதற்கும் கேட்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"போண்ணே" என்றாள்.

அவன் நகரவில்லை. காது கேட்காதவனைப்போல அவளையே பார்த்தான்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"போ. வீட்டுல உலை கொதிக்கணும்ல."

அனத்தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். ரொட்டி கருகும்வரை அவள் அடுப்பின் முன் நின்றாள்.

இலையுதிர்காலத்தில் வெட்டினார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் இயந்திரச் சத்தம் ஊரில் கேட்டது. ஒடீல் அரங்கத்தின் மூட்டைகளைத் தன் மகன்களை விட்டு ஏற்றி வடக்கே அனுப்பிவைத்தாள். அங்கிருந்து, மான் நலமாக இருக்கிறது, கூட்டத்தோடு திரிகிறது, குட்டி மட்டும் இன்னும் இல்லை என்று தகவல் வந்தது. லியோனி அதைக் கேட்டுக்கொண்டாள். போய்ப் பார்க்கவில்லை. வாரனின் இடத்துக்கு வந்த இளம் அதிகாரி கூப்பிட்டு, பழுப்புக் கரடிகளுக்காக இரு தரப்பும் கூட்டாக ஒரு திட்டம் தொடங்கலாம், உங்கள் அனுபவம் எங்களுக்குப் பெரிய பலம் என்றாள். நல்ல உற்சாகமான குரல். வேறு யாரையாவது அனுப்பச் சொல்கிறேன் என்று லியோனி வைத்துவிட்டாள்.

அத்தனை நாளும் அனத்தோல் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தான். காட்டெருது இறைச்சிக் குழம்பை இரண்டு தட்டு சாப்பிட்டான். யார் யாருக்கோ கல்யாணம், யார் வண்டி ஆற்றில் இறங்கியது என்று பேசினான். தட்டைத் தள்ளிவைத்த பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்.

"நம்ம வேலி இருந்த இடத்தை மட்டும் விட்டுட்டுச் சுத்தி வெட்டினேன். ரெண்டு நாள் யாரும் ஒண்ணும் கேக்கல."

லியோனி தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"மூணாம் நாள் என்னைக் கீழ்ப்பக்கம் அனுப்பிட்டு, அங்க வேற ஒரு பையனை ஏத்திவிட்டாங்க. தப்பா வெட்டற பையன் இல்ல. சுத்தமா முடிச்சிட்டான்."

"உன்ன ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. கண்ணு சரியா தெரியலையோன்னு நெனச்சிருப்பாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. லியோனி அவன் கோப்பையில் காபி ஊற்றினாள். சர்க்கரை போட்டாளா என்று ஞாபகம் இல்லாமல் இன்னொரு கரண்டி போட்டாள். அவன் அதைக் கலக்காமலே குடித்தான்.